பாலாவி வாசலில் ஐம்பதாம் வரி

மதிப்புக்குரிய தலைவர் அருளப்பு சம்மாட்டி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மௌலவி அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, கரையோர வலையமைப்புச் சங்கத்தின் அங்கத்தவர்களே, முதல் வரிசையில் இருக்கும் நிஸாரின் மனைவி ஹவ்வா அவர்களே, பாலாவி தொடக்கம் கற்பிட்டி வரையான இடங்களிலிருந்து வந்து இந்தத் தில்லையடிப் பாடசாலை மண்டபத்தை நிறைத்திருக்கும் சகோதர சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

இரங்கல் கூட்டங்களில் நான் பேசுவதில்லை. இருபத்திரண்டு வருடங்களாகத் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறேன். ஒன்றைச் சொன்னால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது என் பழக்கம். இறந்தவரைப் பற்றிச் சொல்லப்படுவதற்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஆகவே ஒதுங்கி இருந்துவிடுவேன். இன்று ஒதுங்கி இருக்க முடியவில்லை. என் கையில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. பாலாவியில் உள்ள ரவுட்டர் தானாகவே எழுதி வைத்த பதிவு இது. இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துக்கத்துக்குக் கூடிய இடத்தில் ஒருத்தி இப்படிப் பரபரப்போடு நிற்கலாமா? ஹவ்வாவிடம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். "சத்தமாச் சொல்லுங்க மிஸ். அவருக்கு அழுது பேசுறது புடிக்காது" என்றார்.

மர்ஹூம் நிஸார் அவர்கள் மறைந்து இன்று பதினெட்டாம் நாள். இந்தக் கூட்டம் முடிந்ததும் சங்கத்தின் நிர்வாகக் குழு பக்கத்து வகுப்பறையில் கூடப் போகிறது. அதன் முன் இருப்பது ஒரேயொரு கடிதம். வலையமைப்புக்குள் எவை வரலாம் என்று நிஸார் எழுதிவைத்த வடிகட்டிப் பட்டியல்களை அழித்துவிட வேண்டும், வலையமைப்பின் எல்லா வாசல்களையும் திறந்துவிட வேண்டும் என்று கேட்கும் கடிதம். அவர் இல்லாமல் அவற்றைப் பராமரிக்க ஆளில்லை என்பது அது சொல்லும் காரணம். பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அந்தக் கடிதத்தை எழுதியவளும் நானே!

இதை மறைத்துவிட்டு நான் அவரைப் புகழ்ந்தால் அது புகழா?

நிஸாரை இங்கே எல்லோரும், அண்ணன் என்ற பொருளில், 'நானா' என்றுதான் அழைப்போம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியபோது அவருக்குப் பதினான்கு வயது. முகாமில் வானொலி திருத்தினார். பிறகு உப்பளத்தில் மின்வேலை. கொழும்பில் ஏதோ ஒரு கம்பனி கழித்துவிட்ட மூன்று ரவுட்டர்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து, தானே படித்து, பள்ளிவாசல் மினாராவிலும் கோயில் கோபுரத்திலும் தண்ணீர்த் தாங்கியிலும் அன்ரனா பூட்டி, நூற்று முப்பத்தாறு இடங்களை ஒன்றோடொன்று இணைத்தார். பாடசாலைகள், வாசிகசாலைகள், மீனவர் சங்கங்கள், தையல் நிலையங்கள், மருத்துவ நிலையங்கள். அவருக்குப் பட்டம் கிடையாது. இந்தச் சங்கம் 'வலையமைப்பு நெறியாளர்' என்ற பெயரைக் கொடுத்தபோது, அதை அட்டையில் அச்சடிக்க வேண்டாம் என்றார்.

அவர் செய்த மிகப் பெரிய பிழையையும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் அவருடைய பெருமை விளங்காது.

வலையமைப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் வேண்டும். எண்களை எப்படிப் பகிர்வது? இருக்கும் இடத்தைப் பார்த்துப் பகிர வேண்டும். கற்பிட்டிப் பக்கத்துக்கு ஒரு தொடர், பாலாவிக்கு ஒரு தொடர், தில்லையடிக்கு ஒரு தொடர். நிஸார் அப்படிச் செய்யவில்லை. விட்டுவந்த ஊரைப் பார்த்துப் பகிர்ந்தார்! மன்னாரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தொடர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. ஒரே ஊரார் இன்று பத்து இடங்களில் சிதறி இருக்கிறோம், எண்களிலாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று சனம் கேட்டது. அவரும் அந்தச் சனத்தில் ஒருவர். கொடுத்தார். இடம்பெயர்ந்தவர்கள் நிறைந்த இந்தக் கரையில் அல்லாமல் உலகத்தில் வேறெங்கும் ஒருவர் இந்தப் பிழையைச் செய்திருப்பாரா?

விளைவு என்ன? ரவுட்டர் என்பது சந்தியில் நிற்கும் பெட்டி. வரும் தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அது தீர்மானிக்க வேண்டும். எண்கள் கலந்து கிடந்ததால் ஒவ்வொரு பெட்டியும் நூற்று முப்பத்தாறு வழிகளையும் தனித்தனியாக நினைவில் வைத்திருந்தது. ஆடி மாதக் காற்று எங்கள் கரையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்குழியில் ஓர் அன்ரனா ஆடும். அந்த வழி போயிற்று என்று செய்தி எல்லாப் பெட்டிகளுக்கும் ஓடும். திரும்ப வந்தது என்று இன்னொரு செய்தி ஓடும். அதற்குள் வேறோர் அன்ரனா ஆடும். பழைய பெட்டிகள் மூச்சுத் திணறி நின்றுவிடும். எட்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு நாளில், கற்பிட்டிப் பக்கத்து மருத்துவ நிலையத்திலிருந்து ஒரு மீனவரின் இ.சி.ஜி. படம் புத்தளத்தில் இருந்த வைத்தியருக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடம் எடுத்தது. அவர் பிழைத்தார். ஆனால் நிஸார் மூன்று நாட்கள் பாலாவிப் பெட்டியின் முன்னாலேயே இருந்தார்.

நான்காம் நாள் தலவில மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்து, பிழை தன்னுடையது என்றார். காற்றின் மேலும் பழியைப் போடவில்லை, பழைய பெட்டிகளின் மேலும் போடவில்லை. எல்லா எண்களையும் மாற்றப் போகிறேன் என்றார். கூட்டத்தில் பெரிய சத்தம். நம் தலைவர் அன்றும் முன்வரிசையில் இருந்தார்.

"மாத்தினா என்ன நடக்கும்? எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு நானா" என்றார்.

"சம்மாட்டி, பாலாவிச் சந்தியில கற்பிட்டி பஸ் நிக்கிது. போர்டில என்ன எழுதியிரிக்கி?"

"கற்பிட்டி எண்டு."

"அங்க இரிக்கிற ஒவ்வொரு வீட்டையும் எழுதியிரிக்கா?"

"எழுதினா டிரைவருக்கு ரோட்டுத் தெரியாது."

"இப்ப நம்மட பெட்டிக்கும் அப்புடித்தான் தெரியுதில்ல!"

கூட்டம் சிரித்தது. அதுதான் வழித்தொகுப்பு. கற்பிட்டிப் பக்கத்து எண்களெல்லாம் ஒரே தொடரில் இருந்தால், பாலாவிப் பெட்டிக்கு ஒரு வரி போதும்: இந்தத் தொடரில் எது வந்தாலும் கற்பிட்டிக்கு அனுப்பு. கண்டக்குழியில் அன்ரனா ஆடினால் அது கற்பிட்டிப் பெட்டியின் கவலை. பாலாவிக்கு ஏன் தெரிய வேண்டும்? நான் இதை வகுப்பில் இரண்டு மணித்தியாலம் எடுத்துப் படிப்பிப்பேன். அவர் ஒரு பஸ் போர்டில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது!

விளக்குவது ஒன்று, எண்களைப் பறிப்பது இன்னொன்று. வன்னியிலிருந்து வந்து கண்டக்குழியில் தையல் நிலையம் நடத்தும் கனகம்மா அக்கா வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"தம்பி, எங்கட ஊர்ப் பேர் வாக்காளர் இடாப்பில இல்லை. பஸ் போர்டிலயும் இல்லை. இந்த நம்பரில மட்டும்தான் கிடக்கு. அதையும் புடுங்க வந்தியோ?"

"என்ட ஊர் நம்பரைத்தான் முதல்ல அழிச்சேன் அக்கா. நேத்து."

"நீ அழிச்சா நானும் அழிக்கோணுமோ?"

"ஊர் உங்கட வாயில இரிக்கட்டும் அக்கா. ரவுட்டர்ல வைக்காதீங்க. அது காத்தடிச்சா மறந்துரும்."

அக்கா எழுந்து கதிரையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. நிஸார் பக்கவாட்டாக நுழைந்து போனார். ஒன்பது நாட்களில் நூற்று முப்பத்தாறு இடங்கள்! ஒவ்வோர் இடத்துக்கும் தானே போனார். நூற்று முப்பத்தாறு வரிகள் மூன்று வரிகளாயின. அடுத்த ஆடிக் காற்றுக்கு ஒரு பெட்டிகூட நிற்கவில்லை. இதற்கு ஆதாரம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருவேன்.

ஆக, வழித்தொகுப்பில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. சண்டை வடிகட்டியில் வந்தது.

ஒவ்வொரு ரவுட்டரின் வாசலிலும் அவர் ஒரு பட்டியல் எழுதினார். இந்த வாசலால் இன்னின்ன எண்கள் வரலாம், மற்ற எதுவும் வேண்டாம் என்று. புதிதாக ஓர் இடம் சேர வேண்டுமென்றால் அவர் வந்து பார்த்து, அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சில நேரம் இரண்டு கிழமை ஆகும். எனக்கு எரிச்சல் வந்தது. "ஆர் நானா எங்களைத் தாக்கப் போறான்? இது இராணுவத் தலைமையகமா?" என்று கேட்டேன். "தாக்குற ஆள் தேவையில்ல மிஸ். தவறுற ஆள் போதும்" என்றார்.

அவரும் தவறினார். பட்டியலை ரவுட்டர் மேலிருந்து கீழே வாசிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். ஒரு நோன்பு மாதம், நண்பகல், பாலாவியில் இருந்துகொண்டு கற்பிட்டிப் பெட்டியின் பட்டியலைத் திருத்தினார். 'மற்ற எதுவும் வேண்டாம்' என்ற கடைசி வரியைத் தவறுதலாக முதலில் எழுதிவிட்டார். பெட்டி அவரையும் வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது! நாற்பது கிலோமீற்றர், அந்த வெயிலில், தண்ணீர் குடிக்காமல், மோட்டார் சைக்கிளில் போனார். வழியில் ஹவ்வா அழைத்தார்.

"நோன்பு தொறக்க வருவீங்களா?"

"உள்ளுக்கு விட்டா வாரேன்."

"யாரு உங்கள உள்ளுக்கு விடணும்?"

"நான்தான்!"

ஹவ்வா, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு முன் அவர் படுக்கையில் விழுந்தார். அதே நேரம் பாலாவிக்கு அப்பால், உப்பளத் தொழிலாளருக்கென்று ஒரு சிறிய மருந்தகம் திறந்தது. அதை நடத்தும் தாதி முஃபீதா இணைப்புக் கேட்டார். வரி எழுத ஆளில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒரே மனிதனின் கையில் இத்தனை வாசல்கள் இருப்பது சரியா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி இன்றும் சரியான கேள்விதான். ஆனால் நான் கண்ட பதில் பிழையானது. வாசல்களைத் திறந்துவிடக் கோரிக் கடிதம் எழுதினேன், கையெழுத்திட்டேன், ஒளிக்கக்கூடாது என்று அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

"முதலாவது கையெழுத்து நீங்களா மிஸ்?"

"ஓம் நானா."

"நல்லா எழுதியிரிக்கீங்க. நான் கோவிக்க மாட்டேன். ஒண்டு மட்டும் செய்ங்க. தொறக்க முந்தி, பாலாவிப் பெட்டி எழுதுற பதிவ ஒருக்கா வாசிங்க."

"அதில என்ன இருக்கு?"

"சொன்னா நம்புற ஆளா நீங்க?"

நான் வாசிக்கவில்லை. அவர் ஒரு வியாழக்கிழமை காலமானார். அன்று அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை அடக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே மருந்தகத்துக்குப் போனேன். ஒரு பழைய ரவுட்டரை எடுத்து, நன்றாக வேலைசெய்யும் கற்பிட்டி மருத்துவ நிலையப் பெட்டியின் அமைப்பை அப்படியே பிரதி பண்ணி ஏற்றினேன். பாலாவியோடு தொடுத்தேன். வேலை செய்யவில்லை. ஒன்றே முக்கால் மணித்தியாலம் போராடினேன். முஃபீதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "விடுங்க மிஸ், நானா மவுத்தாகியும் விடுறாரில்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வடிகட்டி ஏழைத் தொழிலாளரின் மருந்தகத்தைத் தடுக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் எடுத்து, கடிதத்தோடு இணைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான், முதல் தடவையாக, பாலாவிப் பெட்டியின் பதிவைத் திறந்தேன்.

இதோ அந்தப் பக்கங்கள். காலை பத்து மணி இரண்டு நிமிடம் தொடக்கம் பதினொன்று நாற்பத்தெட்டு வரை, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஒரே வாக்கியம். பாலாவி வாசலால் ஒருவர் வந்து, 'நான்தான் கற்பிட்டி மருத்துவ நிலையம்' என்கிறார். 'மற்ற எதுவும் வேண்டாம்' என்ற ஐம்பதாம் வரியின்படி மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

அமைப்பைப் பிரதி பண்ணிய நான், எண்ணை மாற்ற மறந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள்! என் மாணவர் எவராவது இதைச் செய்திருந்தால் வகுப்பின் முன் நிறுத்தியிருப்பேன்.

வடிகட்டி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? மீண்டும் அந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ் போர்டில் 'கற்பிட்டி' என்று மொத்தமாக எழுதியிருக்கிறது. பாலாவிச் சந்தியில் ஒருத்தி 'கற்பிட்டி மருத்துவ நிலையம் இங்கே' என்று தனிப் போர்டு பிடித்து நிற்கிறாள். அங்கே போக வேண்டியவர் எல்லோரும் இறங்கி அவளிடம் போவார்களா, மாட்டார்களா? ரவுட்டரும் அப்படித்தான். மொத்த வரியைவிடத் தனி வரிக்குத்தான் அது மதிப்புக் கொடுக்கும். உண்மையான கற்பிட்டி நிலையத்துக்குப் போக வேண்டிய ஒவ்வொரு பதிலும் என் முன் மேசையில் இருந்த பெட்டிக்குள் வந்து விழுந்து செத்திருக்கும். பதில் திரும்பாவிட்டால் அனுப்பிக்கொண்டிருக்கும் படமும் பாதியில் நின்றுவிடும்.

திங்கட்கிழமை கற்பிட்டிக்குப் போய் மருத்துவ நிலையத்தின் புத்தகத்தைப் பார்த்தேன். ஞாயிறு முற்பகல் பதினொன்று பதினேழு. நெஞ்சுநோவு, பெண், வயது அறுபத்து மூன்று. இ.சி.ஜி. படம் அனுப்பப்பட்டது. சென்றடைய எடுத்த நேரம் எட்டு விநாடி. வைத்தியரின் பதில் மூன்று நிமிடத்தில். ஊசி போட்டு, வாகனத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் கனகம்மா அக்கா.

இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வரக்கூடாது என்று வைத்தியர் சொல்லியும் வந்திருக்கிறார். பெயரைச் சொல்லலாமா என்று நேற்றுக் கேட்டேன். "சொல்லு பிள்ளை. ஆனா அந்த நம்பர் விசயத்தில நான் இன்னும் தோக்கேல்லை எண்டும் சேத்துச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன் அக்கா!

நிஸார் ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். காப்பாற்றியவர்கள் வைத்தியரும் தாதியரும். இறந்தவர் திரும்பி வந்து காவல் நின்றார் என்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது இவ்வளவுதான்: அவரை அடக்கி நான்காம் நாள், படித்த ஒருத்தி அவசரத்தில் ஒரு பிழை செய்தாள். அந்தப் பிழை பாலாவி வாசலைத் தாண்டவில்லை. கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு விநாடி எட்டு விநாடியாகவே இருந்தது. இதைவிட ஒரு மனிதனின் வேலைக்கு என்ன சாட்சி வேண்டும்? சொல்லுங்கள், வேறென்ன வேண்டும்?

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். பராமரிக்க ஆளில்லை என்று அதில் எழுதினேன். நேற்றுப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். பாலாவி வாசலில் ஐந்தே வரிகள். அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் இலக்கமிடவில்லை. பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. நான்கு வரிகளில் வரக்கூடியவர்கள். ஐம்பதில் 'மற்ற எதுவும் வேண்டாம்'. இப்படி இலக்கமிடுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வழக்கம், அவர் கண்டுபிடித்ததல்ல. நானே வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். பிறகு சேர்க்கும் வரிகளுக்கு இடம் விடுங்கள் என்கிறேன். அந்த இடம் யாருக்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஐம்பதுக்குப் பின் எழுதினால் ரவுட்டர் அதை வாசிக்காது. முன்னால் எழுத வேண்டும். இன்று காலை ஏழு நாற்பதுக்கு, உப்பளத் தொழிலாளர் மருந்தகத்துக்கு அதற்கே உரிய எண்ணைக் கொடுத்து, நாற்பத்தைந்தாம் வரியை எழுதினேன். மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் முஃபீதா அழைத்தார். "மிஸ்! வேலை செய்யுது மிஸ்! டொக்டர்ட முகம் தெரியுது!" அவர் கத்திய கத்தலில் என் காது இன்னும் கூவுகிறது.

ஆகவே இந்தச் சபையின் முன் சொல்கிறேன். கரையோரத்தின் மூன்று சந்தி ரவுட்டர்களையும் அவற்றின் பட்டியல்களையும் நான் பொறுப்பேற்கிறேன். தனியாக அல்ல. ஒரே ஆளின் கையில் வாசல்கள் இருக்கக்கூடாது என்ற என் வாதத்தை நான் விடவில்லை. பாலாவிக்கு ஒருவர், கற்பிட்டிக்கு ஒருவர், தில்லையடிக்கு ஒருவர் முன்வர வேண்டும். புதிய இடம் கேட்டால் இரண்டு கிழமையல்ல, இரண்டு நாளில் வரி எழுதப்படும். எழுதியவரின் வரியை இன்னொருவர் பார்க்காமல் எதுவும் ஏறாது. என்னுடைய வரியையும் பார்க்க வேண்டும். முக்கியமாக என்னுடைய வரியை!

நிஸார் நானா, நீங்கள் சொன்னதை நான் பிந்தித்தான் வாசித்தேன். ஆனால் வாசித்தேன்.

பாலாவி வாசலில் இன்று ஆறு வரிகள் இருக்கின்றன. ஐம்பதாம் வரி அவர் எழுதிய இடத்திலேயே இருக்கிறது.

தலைவர் அவர்களே, அந்தக் கடிதம் உங்கள் முன்னால் உள்ள காகிதக் கோவையில் இருக்கிறது. தயவுசெய்து இந்தப் பக்கம் தாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. முதல் பெயரை இங்கேயே வெட்டுகிறேன்.